சர்வே எடுக்கப் போறீங்களா? கொஸ்டினேர், இன்டர்வியூ பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

புராஜெக்ட் பண்றவங்க, பிஎச்டி பண்றவங்க, ஆபீஸ்ல திடீர்னு "ஒரு சர்வே எடுத்துக் குடு"ன்னு சொல்லி மாட்டிவிடப்பட்டவங்க, எல்லாரும் சுத்திச் சுத்தி ஒரே டவுட்டத்தான் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். ஈஸியானது மேல, வம்பு புடிச்சது கீழ.

1. சர்வே, கொஸ்டினேர், ஷெட்யூல், இன்டர்வியூ எல்லாம் ஒண்ணுதானே, ஏன் இத்தனை பேரு?

ஒண்ணு இல்ல. சர்வேங்கறது மொத்த வேலை. ஒரு பெரிய கூட்டத்துல இருந்து கொஞ்சம் பேர எடுத்து, எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கேட்டு, அத வெச்சு மொத்த கூட்டத்தப் பத்திப் பேசறது. மத்ததெல்லாம் அதுக்கான கருவி. பதில் சொல்றவரே படிச்சு அவரே நிரப்பினா கொஸ்டினேர். நீங்க வாசிச்சுக் கேட்டு நீங்களே எழுதிக்கிட்டா ஷெட்யூல். ரெண்டு பேப்பரும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், பேனா யார் கையில இருக்குங்கறதுதான் வித்தியாசம், வைவாவுல (வாய்மொழித் தேர்வுல) இத கேட்டு மடக்குவாங்க.

இன்டர்வியூலயும் வகை இருக்கு. கேள்வி, வரிசை எல்லாம் முன்னாடியே முடிவாகியிருந்தா அது கட்டமைச்ச இன்டர்வியூ, ஷெட்யூல் வெச்சு கேக்கறது இதுதான். தலைப்பு மட்டும் கையில வெச்சுக்கிட்டு பேச்சு போற போக்குல கிளறிக் கேட்டா பாதி கட்டமைச்சது. இன்னும் லூசா விட்டா சும்மா பேச்சுதான், ஆனா அதுலயும் நோக்கம் இருக்கும்.

2. எனக்கு கொஸ்டினேர் போதுமா இல்ல நேர்ல போய் இன்டர்வியூ எடுக்கணுமா? கைடு ரெண்டும் ஓகேங்கறாரு

உங்களயே ஒண்ணு கேட்டுக்கோங்க: என்னென்ன பதில் வரலாம்னு எனக்கு இப்பவே தெரியுமா? தெரியும், எந்தப் பதில் எவ்ளோ பேர்னு மட்டும்தான் தெரியணும்னா கொஸ்டினேர். என்ன வரும்னே தெரியாது, ஏன் அப்படி பண்றாங்கன்னு புரியலன்னா முதல்ல போய் பேசுங்க. தெரியாத விஷயத்துக்கு நாலு ஆப்ஷன் எழுதினா நீங்க கற்பனை பண்ண நாலுதான் டேட்டாவா திரும்பி வரும்.

இதுபோக படிக்கத் தெரியாதவங்க, கண்ணு சரியா தெரியாத வயசானவங்க உங்க சாம்பிள்ல இருந்தா பேப்பர நீட்டறதுல அர்த்தமே இல்ல, ஷெட்யூல்தான். ரொம்ப அந்தரங்கமான விஷயம்னா அப்படியே தலைகீழ், ஆள் எதிர்ல இல்லாம இருக்கறதே நல்லது, 14வது கேள்வியில இத பத்தி எழுதியிருக்கேன். நேரமும் காசும் இருந்தா முதல்ல கொஞ்சம் பேர்கிட்ட பேசி, அவங்க வாயில வந்த வார்த்தைய வெச்சே கொஸ்டினேர் தயார் பண்றதுதான் என் சாய்ஸ்.

3. கூகுள் ஃபார்ம் ஓப்பன் பண்ணி உக்காந்துட்டேன், கேள்வியே வர மாட்டேங்குது. எங்க இருந்து ஆரம்பிக்கறது?

ஃபார்ம மூடுங்க முதல்ல. கடைசியில உங்க ரிப்போர்ட்ல என்னென்ன டேபிள் வரணும்னு ஒரு பேப்பர்ல கட்டம் போடுங்க, நம்பர் இல்லாம வெறும் தலைப்பு மட்டும். "வயசு வாரியா லைப்ரரி யூஸ் பண்றவங்க"ன்னு ஒரு கட்டம் போட்டா, வயசு ஒரு கேள்வி, லைப்ரரி யூஸ் ஒரு கேள்வி, அவ்ளோதான். எந்த டேபிள்லயும் உக்காராத கேள்வி எவ்ளோ சுவாரசியமா இருந்தாலும் வெட்டிடுங்க.

இன்னொண்ணு, வயசு மாதிரி விஷயத்த நம்பராவே கேளுங்க. 18-25, 26-35னு கேட்டு வாங்கிட்டா அப்புறம் 21ல இருந்து 30 வரைக்கும் தனியா பாக்கணும்னா முடியாது. நம்பர அப்புறமா குரூப் ஆக்கலாம், குரூப்ப நம்பர் ஆக்க முடியாது. வருமானத்துக்கு மட்டும் குரூப்பே பரவால்ல, நேரா எவ்ளோன்னு கேட்டா நிறைய பேரு பதில் சொல்லாம நழுவிடுவாங்க.

4. எத்தனை கேள்வி வைக்கலாம்? 60 வெச்சிருக்கேன் ஓவரா?

எண்ணிக்கைய பாக்காதீங்க, நேரத்த பாருங்க. அவங்களே போன்ல நிரப்பற ஃபார்ம்னா 10 நிமிஷத்த தாண்டினா பாதியில மூடிட்டுப் போவாங்க. போன் பண்ணி கேக்கறதுக்கு கொஞ்சம் கூட இழுக்கலாம், நேர்ல உக்காந்து பேசினா இன்னும் இழுக்கலாம், அதுவும் அவங்க வேலைய கெடுக்காத வரைக்கும்தான். விட்டுட்டுப் போறவங்கள விட மோசம், விடாம கடைசி வரைக்கும் படிக்காமயே ஒரே நெடுவரிசையில வரிசையா டிக் அடிச்சுட்டுப் போறவங்க. எல்லா வரிக்கும் ஒரே ஆப்ஷன்னு 20 வரி கட்டம் ஒண்ணு போட்டீங்கன்னா இது நடக்கும். கட்டத்த உடைச்சு போடுங்க.

5. ஒரு கேள்வி நல்ல கேள்வியா இல்லையான்னு எப்படி கண்டுபுடிக்கறது?

முதல் டெஸ்ட், ஒரு கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கா. "டாக்டரும் நர்ஸும் மரியாதையா நடந்துக்கிட்டாங்களா?" டாக்டர் தங்கமான ஆளு, நர்ஸ் எரிஞ்சு விழுந்தாங்கன்னா அவரு எதுக்கு டிக் அடிப்பாரு? "உம்" விகுதியும் "மற்றும்"ங்கற வார்த்தையும் எங்கெல்லாம் வருதோ அங்கெல்லாம் நின்னு பாருங்க. ரெண்டாவது, பதில வாயில ஊட்டி விடறீங்களா. "சுத்தம் முக்கியம்னு நீங்களும் நினைக்கறீங்க இல்லையா"ன்னு கேட்டா யாரு இல்லம்பாங்க? மூணாவது, ஆளுக்கு ஆள் மாறற வார்த்தை. "அடிக்கடி", "வழக்கமா", "கொஞ்சம்" இதெல்லாம் வேணாம், "போன 7 நாள்ல எத்தனை நாள்"னு கேளுங்க.

வார்த்தை எவ்ளோ ஆட்டிப் படைக்கும்னு பாக்கணும்னா 1941ல அமெரிக்காவுல வெளிவந்த ரக் என்பவரோட சோதனைய பாருங்க. ஜனநாயகத்துக்கு எதிரா பொது மேடையில பேசறத அனுமதிக்கணுமான்னு ஒரு குரூப்கிட்ட கேட்டாங்க, 62 சதவீதம் பேரு அனுமதிக்கக் கூடாதுன்னாங்க. அதே மாதிரி இன்னொரு குரூப்கிட்ட அந்தப் பேச்ச தடை செய்யணுமான்னு கேட்டாங்க, தடை செய்யணும்னு சொன்னது 46 சதவீதம்தான். அனுமதிக்காம விடறதும் தடை பண்றதும் நடைமுறையில ஒண்ணுதான், ஆனா "தடை"ங்கற வார்த்தை காதுல விழுந்ததும் ஆளுங்க பின்வாங்கிட்டாங்க.

அப்புறம் ஞாபகம். போன வருஷம் நடந்தத கேட்டா அதுக்கு முந்தின வருஷத்து சமாச்சாரத்தையும் இழுத்துட்டு வருவாங்க, சின்னச் சின்ன விஷயத்த சுத்தமா மறந்திருப்பாங்க. காலத்த சுருக்குங்க, இல்லன்னா எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு நாள அடையாளமா சொல்லி "அதுக்கு அப்புறம்"னு கேளுங்க.

6. லைக்கர்ட் ஸ்கேல் 5 வைக்கணுமா 7 வைக்கணுமா? நடுவுல "நடுநிலை" வேணுமா வேணாமா?

"முழுசா ஒத்துக்கறேன்"ல இருந்து "ஒத்துக்கவே மாட்டேன்" வரைக்கும் படிப்படியா ஆப்ஷன் குடுக்கறதுதான் லைக்கர்ட் ஸ்கேல். ரென்சிஸ் லைக்கர்ட் 1932ல இந்த முறைய எழுதினதுல இருந்து இந்தச் சண்டை ஓயல. பேப்பர்லயோ ஸ்க்ரீன்லயோ கண்ணால பாத்து நிரப்பினா 5, 7 ரெண்டுமே ஓடும். போன்ல வாசிச்சு காட்டறீங்கன்னா 7 ஆப்ஷன் யார் மண்டையிலயும் நிக்காது, 5க்கு மேல போகாதீங்க. ஒவ்வொரு புள்ளிக்கும் வார்த்தையில பேர் குடுங்க, சும்மா 1, 2, 3ன்னு விட்டா ஆளாளுக்கு ஒரு அர்த்தம் எடுப்பாங்க.

நடு ஆப்ஷன நான் வைப்பேன், ஏன்னா நிஜமாவே ரெண்டும் கெட்டான் நிலையில இருக்கறவங்க உண்டு, அவங்கள ஒரு பக்கம் தள்ளறது நியாயமில்ல. ஆனா "நடுநிலை" வேற "தெரியாது" வேற, ரெண்டையும் ஒரே பெட்டியில போடாதீங்க. "தெரியாது" இல்லன்னா என்ன ஆகும்னு 1980ல பிஷப்பும் அவரோட சேர்ந்தவங்களும் காட்டினாங்க: இல்லவே இல்லாத ஒரு சட்டத்துக்கு ஒரு பேரு வெச்சு, 1975ல வந்ததுன்னு சொல்லி கருத்து கேட்டதுக்கு சுமார் மூணுல ஒருத்தர் கருத்து சொன்னாங்க. கேட்டுட்டாரே, சும்மா இருந்தா நல்லாருக்காதேன்னு சொல்ற பதில்தான் அது.

7. ஆப்ஷன்ல என்ன நம்பர் குடுத்தாலும் ஆளுங்க அவங்க உண்மையத்தானே டிக் பண்ணப் போறாங்க?

அப்படித்தான் எல்லாரும் நினைப்போம். 1985ல ஷ்வார்ஸ் குழு ஜெர்மனியில, ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் டிவி பாக்கறீங்கன்னு கேட்டாங்க. ஒரு பாதிப் பேருக்கு ஆப்ஷன் அரை மணி நேரத்துல ஆரம்பிச்சு "இரண்டரை மணிக்கு மேல"ன்னு முடியும், அதுல இரண்டரைக்கு மேலன்னு சொன்னது 16.2 சதவீதம். மீதிப் பேருக்கு ஆரம்பமே "இரண்டரை மணி வரை"ன்னு வெச்சு மேல மேல போனாங்க, இப்ப இரண்டரைக்கு மேலன்னு சொன்னது 37.5 சதவீதம். ஆளுங்க கணக்கு போட்டுப் பாக்கறதில்ல, பட்டியலோட நடுவுல இருக்கறதுதான் ஊர் வழக்கம்னு எடுத்துக்கிட்டு தன்ன அதுக்குப் பக்கத்துல வெச்சுக்கறாங்க. எண்ணிச் சொல்லக்கூடிய விஷயமா இருந்தா பட்டியலே போடாம காலி இடம் விடுங்க.

8. கேள்வி வரிசைய கொஞ்சம் மாத்தினா என்ன ஆகிடப் போகுது?

ஆகும். 1988ல ஸ்ட்ராக், மார்ட்டின், ஷ்வார்ஸ் மூணு பேரும் காலேஜ் ஸ்டூடன்ட்ஸ்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டாங்க, மொத்தத்துல வாழ்க்கையில எவ்ளோ சந்தோஷமா இருக்கீங்க, அப்புறம் எத்தனை தடவை டேட்டிங் போனீங்கன்னு. வாழ்க்கைய முதல்ல கேட்டப்ப ரெண்டு பதிலுக்கும் சம்பந்தமே இல்ல, தொடர்பு மைனஸ் 0.12 (0ன்னா சம்பந்தமில்ல, 1ன்னா முழுசா ஒட்டிப் போகுதுன்னு அர்த்தம்). டேட்டிங்க முதல்ல கேட்டதும் அது 0.66 ஆயிடுச்சு. அந்த நினைப்ப கிளப்பி விட்டுட்டு அடுத்த வரியில வாழ்க்கை எப்படின்னா வேற எத வெச்சுச் சொல்வாங்க?

அதனால பொதுவான கேள்வி முன்னாடி, குறிப்பானது பின்னாடி. ஈஸியான, விஷயத்தோட சம்பந்தப்பட்ட கேள்வியில ஆரம்பிங்க. வருமானம், கல்வி மாதிரி சொந்த விவரமெல்லாம் கடைசியில. முதல் பக்கத்துலயே ரேஷன் கார்டு விவரம் மாதிரி எல்லாத்தையும் கேட்டா என்னமோ விசாரணைன்னு நினைச்சு உஷாராயிடுவாங்க.

9. பைலட் கண்டிப்பா பண்ணணுமா? டைம் இல்ல, ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு பாத்து நல்லாருக்குன்னுட்டாங்க

பைலட்னா மெயின் சர்வேக்கு முன்னாடி கொஞ்சம் பேர்கிட்ட பாக்கற ஒத்திகை, அது வேணும். ஃப்ரெண்ட்ஸ் உங்க சாம்பிள் இல்ல, அவங்க நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. உங்க சாம்பிள் மாதிரியே இருக்கற, ஆனா மெயின் சர்வேல வராத 20, 30 பேரு போதும். அதுக்கும் முன்னாடி ஒரு அஞ்சாறு பேர தனியா உக்கார வெச்சு, பதில யோசிக்கறத வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்க.

"போன மாசம் எத்தனை தடவை டாக்டர்கிட்ட போனீங்க?"ன்னு சாதாரண கேள்விதான். ஒருத்தர் "2" எழுதுவாரு. எப்படி 2ன்னு கேட்டா "ஒண்ணு எனக்கு காய்ச்சல், ஒண்ணு பையனுக்கு ஊசி போட"ம்பாரு. அடுத்தவரு பல் டாக்டர கணக்குலயே சேத்திருக்க மாட்டாரு. இன்னொருத்தர் போன்ல பேசி மருந்து வாங்கினதயும் ஒண்ணா எண்ணியிருப்பாரு, நாலாவது ஆளு ரிப்போர்ட் வாங்க கவுன்டர் வரைக்கும் போயிட்டு வந்தத எண்ணியிருப்பாரு. பேப்பர்ல எல்லாமே அழகா நம்பரா இருக்கும், எந்த சாஃப்ட்வேராலயும் இத கண்டுபுடிக்க முடியாது. இந்த ஒரு சாயங்கால வேலைய மிச்சம் புடிச்சா மிச்சமாகறது எதுவும் இல்ல.

10. 384 பேரு எடுத்தா போதும்னு எல்லா தீசிஸ்லயும் இருக்கே, அது எங்க இருந்து வந்துச்சு?

1.96ஓட வர்க்கத்த 0.25ஆல பெருக்கி 0.05ஓட வர்க்கத்தால வகுத்தா 384.16 வரும். 95 சதவீத நம்பிக்கை (அதுக்குத்தான் 1.96), 5 சதவீத பிழை (0.05), பாதிக்குப் பாதி பிரியற மோசமான நிலைமை (0.5ஐ 0.5ஆல பெருக்கினா 0.25), இந்த மூணையும் வெச்சு வர்ற நம்பர். மொத்தக் கூட்டம் சின்னதா இருந்தா குறையும்: கிரெஜ்சியும் மோர்கனும் 1970ல போட்ட டேபிள்படி 500 பேருக்கு 217, 1000 பேருக்கு 278, 10,000 பேருக்கு 370.

ஆனா இது குலுக்கல் முறையில சமவாய்ப்பா எடுத்த சாம்பிளுக்கு மட்டும்தான் செல்லும். கண்ணுல பட்டவங்கள எல்லாம் புடிச்சுட்டு 384னு எழுதினா அந்த ஃபார்முலாவுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டாவது, அது மொத்தத்துக்கான கணக்கு. அதுக்குள்ள ஒரு பிரிவுல 96 பேருதான் இருக்காங்கன்னா அந்தப் பிரிவுக்கு பிழை 10 சதவீதம். பிரிவு வாரியா பேசணும்னா ஒவ்வொரு பிரிவுக்கும் தனியா கணக்கு போடுங்க.

11. வாட்ஸ்அப் குரூப்ல லிங்க் போட்டேன், 1000 பேருக்கு மேல நிரப்பிட்டாங்க. இவ்ளோ பெரிய சாம்பிள் போதும்ல?

எத்தனை பேருங்கறத விட யாரு யாருங்கறதுதான் விஷயம். 1936 அமெரிக்க தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு மாதிரி ஓட்டுச் சீட்டு அனுப்பி 20 லட்சத்துக்கு மேல பதில் வாங்குச்சு. லாண்டன் ஜெயிப்பாருன்னு எழுதினாங்க. ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத ஓட்டு வாங்கி ஜெயிச்சாரு. அத விட ரொம்ப ரொம்பச் சின்ன சாம்பிள வெச்சு கருத்துக்கணிப்பாளர் காலப், ரூஸ்வெல்ட்னு சரியா சொல்லியிருந்தாரு. டைஜஸ்ட் ஆளுங்கள எடுத்தது டெலிபோன் டைரக்டரி, கார் பதிவு லிஸ்ட் மாதிரி இடங்கள்ல இருந்து, அப்ப அது வசதியானவங்க லிஸ்ட். அதுவும் போதாதுன்னு, சீட்ட திருப்பி அனுப்பினவங்களும் அனுப்பாதவங்களும் ஒரே மாதிரி ஆளுங்க இல்ல. ரெண்டு வருஷத்துல பத்திரிகையே நின்னு போச்சு.

உங்க லிங்க் எந்தக் குரூப்ல எல்லாம் சுத்துச்சுன்னு உங்களுக்கே தெரியாது. அதுக்காக தூக்கிப் போட வேணாம். "இந்த 1000 பேரு இப்படிச் சொன்னாங்க"ன்னு எழுதுங்க, "மக்கள் இப்படி நினைக்கறாங்க"ன்னு எழுதாதீங்க.

12. 400 பேருக்கு அனுப்பினதுல 150தான் திரும்பி வந்துச்சு. மீதிக்கு புதுசா 250 பேர புடிச்சுட்டா சரியாயிடுமா?

கணக்கு 400 ஆகும், பிரச்சனை அப்படியே இருக்கும். புதுசா போற இடத்துலயும் பதில் சொல்ற மனசு இருக்கறவங்கதான் சொல்லப் போறாங்க. அதுக்குப் பதிலா பழைய 250 பேரையே திரும்பத் தட்டுங்க, ஒரு வாரம் விட்டு ஒரு ஞாபகப்படுத்தல், அப்புறம் வேற வழியில ஒண்ணு, மெயில்னா அடுத்தது போன். ரெண்டாவது தடவைக்கு அப்புறம் வந்தவங்களோட பதில தனியா எடுத்து முதல்லயே வந்தவங்களோட ஒப்பிட்டுப் பாருங்க. பெருசா வித்தியாசம் இருந்தா, கடைசி வரைக்கும் வராதவங்க இன்னும் வித்தியாசமா இருக்க வாய்ப்பிருக்கு. எத்தனை பேருக்கு அனுப்பினீங்க எத்தனை வந்துச்சுங்கறத மறைக்காம எழுதுங்க.

ஒரு சின்ன விஷயம், ஃபார்ம்ல எல்லா கேள்விக்கும் கட்டாயம்னு நட்சத்திரம் போடாதீங்க. பதில் சொல்ல விருப்பமில்லாதவர் ஒண்ணு மூடிட்டுப் போவாரு, இல்ல வாய்க்கு வந்தத அடிச்சுட்டு அடுத்ததுக்குப் போவாரு.

13. இன்டர்வியூல கேள்விய எழுதினபடியே வாசிக்கணுமா? அவங்களுக்குப் புரியலன்னா விளக்கிச் சொல்லக் கூடாதா?

கட்டமைச்ச இன்டர்வியூன்னா எழுதினபடியே. 5வது பதில்ல ஒரு வார்த்தை மாறினதுக்கே என்னாச்சுன்னு பாத்தோம்ல, பத்து ஃபீல்டு ஆளுங்க பத்து விதமா விளக்கினா நீங்க பத்து கொஸ்டினேர் ஓட்டறீங்கன்னு அர்த்தம். புரியலன்னா இன்னொரு தடவை மெதுவா வாசிங்க. பதில் அரைகுறையா வந்தா "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க"ன்னு பொதுவா கேளுங்க, "அப்படின்னா பிடிக்கலன்னு போட்டுக்கவா?"ன்னு முடிச்சு வைக்காதீங்க. ஒரு நிமிஷம் சும்மா இருக்கறது நிறைய வேலை செய்யும், ஆனா புதுசா போறவங்களுக்கு அதுதான் கஷ்டம், மௌனம் தாங்காம பேசிடுவாங்க.

மறுபக்கமும் இருக்கு. 1997ல ஷோபர், கான்ராட் ரெண்டு பேரும் சோதிச்சதுல, பதில் சொல்றவரோட நிலைமை கேள்வியில சரியா பொருந்தாத சிக்கலான கேஸ்கள்ல, விளக்கம் சொல்ல அனுமதிச்ச இன்டர்வியூலதான் பதில் ரொம்ப சரியா வந்துச்சு, ஆனா நேரம் பல மடங்கு ஆச்சு. என் ஏற்பாடு என்னன்னா, விளக்கத்தையும் முன்னாடியே எழுதி அச்சடிச்சுக் குடுத்துடறது. "வீட்ல எத்தனை பேரு"ன்னு கேட்டா ஹாஸ்டல்ல இருக்கற பையன சேக்கணுமா, போன வாரம் பொறந்த குழந்தைய சேக்கணுமான்னு எல்லாருக்கும் ஒரே விளக்கம். பக்கத்துல வீட்டு ஆளு யாராவது உக்காந்துக்கிட்டு அவங்களே பதில் சொன்னா, "உங்ககிட்டயும் அப்புறம் கேக்கறேன்"னு சிரிச்சுக்கிட்டே நகத்தணும். முடியலன்னா இன்னொருத்தர் கூட இருந்தாருன்னு ஷெட்யூல்ல ஒரு குறி போட்டு வெச்சுக்கோங்க.

14. குடிப்பழக்கம், கடன், லஞ்சம் இதெல்லாம் கேட்டா யாராவது உண்மையச் சொல்வாங்களா?

மூஞ்சிக்கு நேரா கேட்டா குறைவாத்தான் சொல்வாங்க. அதே கேள்விய டேப்லெட்டயோ பேப்பரையோ குடுத்து அவங்களையே நிரப்ப விட்டு, மூடின கவர்ல வாங்கினா கொஞ்சம் கூட வரும். ஃபார்ம்ல பேரு கேக்காதீங்க, கேள்விய இதமா ஆரம்பிங்க.

ரொம்ப கூச்சமான விஷயத்துக்கு 1965ல வார்னர் ஒரு வழி சொன்னாரு, அதோட சுலபமான வடிவம் இது. பதில் சொல்றவரு உங்களுக்குக் காட்டாம ஒரு காசு சுண்டுவாரு. தலை விழுந்தா எது உண்மையா இருந்தாலும் "ஆமா". பூ விழுந்தா உண்மையான பதில். அவரு ஆமான்னு சொன்னது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனா 1000 பேர்ல 600 "ஆமா" வந்துச்சுன்னா, அதுல ஏறக்குறைய 500 காசு சொன்னது, மீதி 500 பேர்ல 100 பேரு நிஜமான ஆமா, அதாவது 20 சதவீதம். ஒரு ஆளப் பத்தி ஒண்ணும் தெரியாம கூட்டத்தப் பத்தி தெரிஞ்சுக்கலாம். இதுக்கு சாம்பிள் பெருசா வேணும், ஆட்டம் புரியாதவங்ககிட்ட வேலைக்காகாது.

15. சரி உண்மையத்தான் சொல்றாங்கன்னே வெச்சுக்குவோம். சொல்றபடி செய்வாங்களா?

இது நல்ல கேள்வி, கேக்கறவங்க கம்மி. 1930கள்ல லாபியர்னு ஒரு ஆய்வாளர் ஒரு சீனத் தம்பதியோட அமெரிக்கா முழுக்க சுத்தினாரு, சீனர்கள் மேல வெறுப்பு வெளிப்படையா இருந்த காலம். ஹோட்டல், தங்குமிடம்னு 251 இடத்துக்குப் போனாங்க, ஒரே ஒரு இடத்துலதான் முடியாதுன்னாங்க. ஆறு மாசம் கழிச்சு அதே இடங்களுக்கு சீனர்கள உள்ள விடுவீங்களான்னு கொஸ்டினேர் அனுப்பினாரு. பதில் வந்த 128 இடத்துல 90 சதவீதத்துக்கு மேல மாட்டோம்னாங்க. 1934ல இத வெளியிட்டாரு.

கதவத் தொறந்தவரும் லெட்டருக்கு பதில் எழுதினவரும் ஒரே ஆளாங்கறது தெரியாதுன்னு பின்னாடி குறை சொன்னாங்க, அது சரிதான். இருந்தாலும் "வாங்குவீங்களா", "போவீங்களா"ன்னு வருங்காலத்த கேக்கறத விட "போன தடவை என்ன பண்ணீங்க"ன்னு நடந்தத கேக்கறதுல கால் தரையில இருக்கும்.

16. டேட்டா கலெக்ட் பண்ண ஆள் போட்டிருக்கேன். அவங்களே உக்காந்து நிரப்பிக் குடுத்துட்டா எப்படி கண்டுபுடிக்கறது?

நடக்கற விஷயம்தான். பத்துல ஒரு பங்கு ஷெட்யூல எடுத்து அந்த வீட்டுக்குத் திரும்பப் போய் இல்ல போன் பண்ணி ரெண்டு மூணு மாறாத கேள்விய மட்டும் கேளுங்க, யாராவது வந்தாங்களா, வீட்ல எத்தனை பேருன்னு. கோபோ, ஓடிகே மாதிரி ஆப்ல எடுத்தா ஆரம்பிச்ச நேரம் முடிச்ச நேரம் இடம் எல்லாம் பதிவாகும், 30 நிமிஷ இன்டர்வியூ 6 நிமிஷத்துல முடிஞ்சா கூப்பிட்டு விசாரிங்க. ஒருத்தரோட ஃபார்ம்ல மட்டும் "மத்தவை குறிப்பிடவும்" எப்பவும் காலியா இருந்தாலும், "இல்ல"ங்கற பதில் அளவுக்கு மீறி வந்தாலும் சந்தேகம்தான், அவரு "இல்ல"ன்னு போட்டா பத்து கேள்வி தாண்டலாம்னு கண்டுபுடிச்சிருப்பாரு.

நேர்மையான ஆளுங்களுக்குள்ளயும் வித்தியாசம் வரும். அதுக்கு இந்தியப் புள்ளியியல் அறிஞர் மஹலனோபிஸ் தன்னோட மாதிரி ஆய்வுகள்ல ஒரு ஏற்பாடு வெச்சாரு, ஒரே ஏரியாவுல சாம்பிள ரெண்டா பிரிச்சு ரெண்டு தனித்தனி குழுகிட்ட குடுக்கறது. ரெண்டு முடிவும் ரொம்ப விலகிப் போச்சுன்னா வித்தியாசம் மக்கள்கிட்ட இல்ல, கேட்டவங்ககிட்ட இருக்கு. பெரிய டீம் வெச்சிருக்கறவங்க கட்டாயம் பண்ணலாம். இன்னொண்ணு சொல்லணும், ஒரு ஃபார்முக்கு இவ்ளோன்னு கூலி பேசி, தினமும் முடிக்கவே முடியாத டார்கெட்டும் குடுத்துட்டு ஏமாத்தறாங்கன்னு புலம்பறதுல நியாயம் இல்ல.

17. ஆழமான இன்டர்வியூ எத்தனை பேர எடுக்கணும்? அங்கயும் 384ஆ?

ஐயோ இல்ல. அங்க எத்தனை சதவீதம்ங்கறது கேள்வியே இல்ல. புதுசா எதுவும் வராத வரைக்கும் எடுக்கறதுதான் வழக்கம். கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் 2006ல 60 இன்டர்வியூவ அலசினப்ப, முக்கியமான கருத்தெல்லாம் முதல் 12லயே வந்துடுச்சுன்னு எழுதினாங்க. அத புடிச்சுக்கிட்டு எல்லாரும் 12னு எழுதறாங்க. அவங்க எடுத்தது ஓரளவு ஒரே மாதிரி ஆளுங்கள, கேள்வியும் ஒரே செட். உங்களோடது டீச்சர், பேரன்ட், ஸ்டூடன்ட்னு மூணு தரப்புன்னா ஒவ்வொண்ணுக்கும் தனியா பாக்கணும். அனுமதி வாங்கிட்டு ரெக்கார்ட் பண்ணுங்க, ஒரு மணி நேரப் பேச்ச எழுத்தாக்க ஒரு நாள் போயிடும், அத பிளான்ல சேத்துக்கோங்க.

18. க்ரோன்பாக் ஆல்ஃபா 0.9 வந்திருக்கு, அப்ப என் கொஸ்டினேர் சூப்பர்தானே?

அவசரப்படாதீங்க. 1951ல க்ரோன்பாக் எழுதின அந்த அளவு, கேள்விகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகுதான்னுதான் சொல்லும், நீங்க அளக்க நினைச்சதத்தான் அளக்கறீங்களான்னு சொல்லாது. ஒரே கேள்விய வார்த்தை மாத்தி எட்டு தடவை கேட்டாலும் ஆல்ஃபா எகிறும். கேள்விய அதிகமாக்கினாலும் ஏறும். 4வது பதில்ல சொன்ன ஒரே நெடுவரிசையில டிக் அடிக்கறவங்க நிறைய இருந்தாலும் ஏறும்! எதிர்மறையா எழுதின கேள்வியோட மார்க்க திருப்பிப் போடாம (5ஐ 1ஆ, 1ஐ 5ஆ மாத்தாம) விட்டா மட்டும் பொத்துன்னு விழும், ஆல்ஃபா மோசமா வந்தா முதல்ல அத செக் பண்ணுங்க. ஸ்கேல் எல்லாத்தையும் கலந்துக் கட்டி மொத்த கொஸ்டினேருக்கும் ஒரே ஆல்ஃபா போடறது வேற ஒரு கொடுமை, ஒவ்வொரு ஸ்கேலுக்கும் தனித்தனியா போடணும்.

19. "உங்க பேரு வெளிய வராது"ன்னு போட்டா போதுமா? அனுமதிக் கடிதம் எல்லாம் தேவையா?

தேவை. எதுக்கு எடுக்கறீங்க, எவ்ளோ நேரமாகும், பாதியில நிறுத்தலாம், எந்தக் கேள்வியையும் விடலாம், இத முதல்லயே சொல்லி சம்மதம் வாங்கணும். அப்புறம் யாருன்னு உங்களுக்கே தெரியாதது வேற, தெரியும் ஆனா சொல்ல மாட்டேங்கறது வேற. மெயில் ஐடி வாங்கற ஃபார்ம்ல "யாருன்னே தெரியாது"ன்னு எழுதறது பொய். பேரு இல்லன்னாலும் ஆபத்து உண்டு, ஒரு சின்ன ஆபீஸ்ல 50 வயசுக்கு மேல, பெண், அக்கவுன்ட்ஸ் பிரிவுன்னு மூணு விவரம் போட்டா அது ஒரே ஒருத்தராத்தான் இருப்பாங்க.

20. பாதி சர்வே முடிஞ்சப்புறம் ஒரு கேள்வி தப்புன்னு தெரிஞ்சுது. மாத்தலாமா, அப்படியே விடலாமா?

எழுத்துப்பிழைன்னா சத்தமில்லாம திருத்துங்க. அர்த்தமே மாறுதுன்னா, பழைய கேள்விய அப்படியே ஓட விட்டு, சரியான வடிவத்த புதுக் கேள்வியா கடைசியில சேருங்க, நடுவுல சொருகினா 8வது பதில்ல சொன்ன வரிசைப் பிரச்சனை எல்லாத்தையும் தொட்டுடும். முன்னாடி பாதியையும் பின்னாடி பாதியையும் ஒரே நெடுவரிசையில சேத்து சராசரி எடுக்காதீங்க, எந்தத் தேதியில இருந்து மாத்தினீங்கன்னு டேட்டா ஃபைல்லயே ஒரு நெடுவரிசை வெச்சுடுங்க. போன் நம்பர் குடுத்து, திரும்பக் கூப்பிடலாம்னு சம்மதமும் குடுத்தவங்க இருந்தா, அந்த ஒரு கேள்விய மட்டும் கேட்டு வாங்கிடலாம், நிறைய பேரு மறுக்க மாட்டாங்க. ஆப்ஷன் ஒண்ணு விட்டுப் போச்சுன்னா கொஞ்சம் தப்பிக்க வழி இருக்கு, "மத்தவை"யில எழுதினத பாருங்க, அங்க அதையே நிறைய பேரு எழுதியிருப்பாங்க, தனி கோடு நம்பர் குடுத்து எடுத்துடலாம். ரெண்டு கேள்விய ஒண்ணாக் கட்டின தப்புன்னா மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது, அந்த நெடுவரிசைய அனாலிசிஸ்ல இருந்து எடுத்துட்டு ஏன் எடுத்தோம்னு தீசிஸ்ல ரெண்டு வரி எழுதிடுங்க.